வானம் பார்த்த மலை – 9: கீலக வருடத்து மார்கழிக் காலை

இதுவரை: பாரதப்புழை கடலைத் தொடும் இடத்துக்கு அருகே, அலத்தியூரில், பரமேசுவரன் என்ற கணிதர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தார். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு 1431-இல் புதுக்கணக்கு எழுதினார். 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்திலும், 1837-இல் சுவாதித் திருநாளின் ஆதரவில் திருவனந்தபுரத்திலும் வானாய்வகங்கள் எழுந்தன. 1868 ஆகஸ்ட் 18 அன்று குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் முழுச் சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்கள், அதுவரை யாரும் அறியாத மஞ்சள் கோடு ஒன்றைச் சூரிய ஒளியில் கண்டார்கள். பிறகு 1876 வந்தது. தாது வருடப் பஞ்சம். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

* * *

இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

எந்தப் பிள்ளைகள்? இடுக்கி மாவட்டத்தின் வட்டவடை, கோவிலூர், மறையூர், காந்தளூர்ப் பிள்ளைகள். பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோடு, முதலமடை, சித்தூர்ப் பிள்ளைகள். வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் மலையாளம் பேசி வளர்கிறவர்கள். அவர்களிடம் கொடைக்கானல் என்று சொன்னால் ஏரி வரும், தூண் பாறை வரும், ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தில் பார்த்த குணா குகை வரும். சூரியன் வருவதில்லை.

ஒரு வரைபடத்தை எடுத்து விரியுங்கள். வட்டவடையில் ஒரு விரல். கிழக்கே கொடைக்கானல் வானாய்வகத்தில் இன்னொரு விரல். இரண்டுக்கும் நேர்க்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர்தான். நடுவில் பாம்பாடும் சோலையும், வந்தரவு முகடும், பேரிஜம் ஏரியும். டாப் ஸ்டேஷனிலிருந்து அந்த வழியாகக் கொடைக்கானலுக்குப் போன பழைய மலைப்பாதை இன்று மூடிக் கிடக்கிறது. அதனால் மறையூர், உடுமலை, பழநி என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றித்தான் போக வேண்டும்.

சாலை மூடினாலும் மலை ஒரே மலைதான். இந்தப் பக்கம் காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு. அந்தப் பக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு. மண் அப்படி. வானமும் அப்படித்தான் என்று பார்க்கப்போகிறோம்.

* * *

தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நீண்டது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

அப்போது சில அறிஞர்களுக்கு ஓர் எண்ணம் உதித்தது. சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றும், பெருகும், குறையும். ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த ஏற்ற இறக்கம் திரும்ப வரும். ஜெர்மனியின் ஷ்வாபே என்பவர் 1843-இலேயே இதைச் சொல்லிவிட்டார். பஞ்சம் வந்த ஆண்டுகள் புள்ளிகள் மிகக் குறைந்த ஆண்டுகள். அப்படியானால் புள்ளி குறைந்தால் மழையும் குறையுமா? புள்ளிகளை நாள்தோறும் எண்ணிவந்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாமா? 1877-இல் ஹண்டர், லாக்கியர் என்ற இரு அறிஞர்கள் இந்தக் கருத்தை உரக்கச் சொன்னார்கள்.

மாளிகைக்காரர்களின் பொழுதுபோக்காகக் கொடைக்கானல் ஆய்வகம் பிறக்கவில்லை. பட்டினியால் செத்தவர்களின் கணக்கிலிருந்து பிறந்தது. பிள்ளைகளிடம் இந்தக் கதையை எப்போது சொன்னாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சென்னையின் அரசு வானியலர் போக்சன், தென்னிந்திய மலையொன்றில் 20 அங்குலத் தொலைநோக்கி வேண்டும் என்று 1882-இல் கேட்டார். சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த சார்லஸ் மிக்கி ஸ்மித் மலையைத் தேடப் புறப்பட்டார். நீலகிரியா, பழநி மலையா? 1883 முதல் 1885 வரை இரண்டையும் ஆராய்ந்தார். போக்சன் 1891-இல் இறந்தார். அவர் இடத்துக்கு மிக்கி ஸ்மித்தே வந்தார். 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 அன்று ஆய்வகம் சென்னையிலிருந்து மலைக்கு இடம் மாறியது. 1901-இல் சூரியனைப் பார்க்கத் தொடங்கியது.

பஞ்சத்துக்கும் முதல் நோக்கலுக்கும் நடுவே 25 ஆண்டுகள் ஓடிவிட்டன. கோப்புகள் நகர எடுத்துக்கொண்ட காலம் அது.

* * *

ஏன் அந்த மலை?

மறையூர்ப் பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. ஆடி மாதம் மூணாறில் குடையை மடக்க முடியாது. அங்கிருந்து இறங்கி மறையூர் தாண்டிச் சின்னாறு போனால் முள்மரங்களும் காய்ந்த புல்லும். அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, 2,695 மீட்டர் உயர ஆனைமுடியிலும் அதைச் சுற்றிய சிகரங்களிலும் மோதித் தன் நீரைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே போகும்போது அதனிடம் மிச்சம் கொஞ்சமே.

பழநி மலை அந்தக் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. கொடைக்கானலின் பெரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அது முடிந்து மார்கழி, தை, மாசி என்று நீளும் மாதங்களில் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும்.

ஆக, தென்மேற்குப் பருவத்தில் கொடைக்கானலுக்கு இடுக்கி மலைகளே காவல். அவை நனைகின்றன, அதனால் இது காய்கிறது. மூணாறு பெய்யும் மழையைத் தாங்கிக்கொள்வதும் ஒரு நூற்றாண்டாகச் சூரியனைப் படமெடுக்க உதவுகிறது என்று ஒரு வட்டவடைப் பிள்ளை சொன்னால் அதில் பிழையே இல்லை.

உயரமும் ஒரு காரணம். ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமியின் காற்றில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதற்குக் கீழே தங்கிவிடுகிறது. தூசும் புழுக்கமும் நிறைந்த அந்த அடிக்காற்றுதான் சென்னையில் சூரியனின் பிம்பத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது.

ஆனால் கருவிகளை மேலே கொண்டுபோக வேண்டுமே! மோட்டார் போகும் மலைப்பாதை வருவதற்கு முந்தைய காலம். அம்மையநாயக்கனூர் வரை ரயில். அங்கிருந்து பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. பிறகு செங்குத்தான மலைவழி. குதிரை ஏறும், டோலி ஏறும், மனிதர் ஏறுவார். கண்ணாடியும் பித்தளையும் இரும்பும் அந்த வழியில் சுமையாட்களின் தோளிலும் தலையிலும் ஏறின. பாரிசில் செய்து 1850-இல் சென்னை வந்த 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் அப்படி ஏறியது. புதுப்பிக்கப்பட்ட அந்தக் கருவிதான் பிறகு தலைமுறை தலைமுறையாகச் சூரியனைப் படமெடுத்தது. சுமந்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

* * *

1907 ஜனவரியில் ஒரு தம்பதி அந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஜான் எவர்ஷெட், மேரி எவர்ஷெட். திருமணமாகி ஓராண்டுகூட ஆகாத நேரம். இருவரும் சந்தித்ததே 1896-இல் நார்வேக்குக் கிரகணம் பார்க்கப் போன குழுவில்தான். அன்று மேகம் மூடிக் கிரகணம் தெரியாமல் போயிற்று. ஜான் தொழிலால் வேதியியல்காரர், ஆர்வத்தால் வானியலர். வீட்டுத் தோட்டத்திலேயே கருவிகளை அமைத்துச் சூரியனை ஆராய்ந்தவர். 1898-இல் ஒரு முழுக் கிரகணத்துக்காக இந்தியாவுக்கு ஏற்கெனவே ஒருமுறை வந்துபோனவர்.

மேரியைப் பற்றித் தனியாக ஒரு பகுதியே எழுதலாம். அவர் முன்பே ஆஸ்திரேலியாவில் இருந்தபோது தென்வான விண்மீன்களுக்கு எளிய வழிகாட்டி நூல் ஒன்று எழுதியவர். கொடைக்கானலில் பதவி எதுவும் இல்லாமலேயே கணவரோடு சமமாக உழைத்தார். சூரிய விளிம்பிலிருந்து தீக்கொழுந்தாக எழும் வாயு எழுச்சிகளைப் படம்படமாகப் பார்த்து அட்டவணையிட்டார். கவிஞர் தாந்தேயின் வானியல் அறிவைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1913-இல் வந்தது. அதை எழுதியது இந்த மலையில் இருந்தபடிதான். படிக்கிற பெண்பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கே அவர்களுக்குக் காத்திருந்த முக்கியக் கருவி, சூரியனை ஒரே ஒரு நிறத்தில் படமெடுப்பது. வேலை செய்யும் விதம் எளிது. சூரிய ஒளி மெல்லிய பிளவு ஒன்றின் வழியே உள்ளே வரும். அது வானவில்லாக விரியும். அந்த வானவில்லில் கால்சியம் தரும் ஒரு நிறத்தை மட்டும் இரண்டாம் பிளவு வெளியே விடும், மற்றவற்றைத் தடுத்துவிடும். சூரியனின் பிம்பத்தை முதல் பிளவின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், கீற்றுக் கீற்றாக முழுச் சூரியனும் கண்ணாடித் தகட்டில் பதியும்.

எவர்ஷெட்டுக்கு அது போதவில்லை. வானவில்லை இன்னும் பல மடங்கு விரித்துப் பார்க்க ஆசைப்பட்டார். கைக்குக் கிடைத்த பாகங்களைக் கூட்டிச் சேர்த்து, வலிமையான நிறமாலைவரைவி ஒன்றைத் தானே அமைத்துக்கொண்டார்.

* * *

இங்கே கொஞ்சம் நிற்போம். தலைப்பில் சொன்ன அந்தக் காலையைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது: சூரிய ஒளியை நன்றாக விரித்தால், நிறங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடுகள் ஆயிரக்கணக்கில் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று நிலையான இடங்கள். இரும்புக்கு இத்தனை, சோடியத்துக்கு இத்தனை.

இரண்டாவது: பாலக்காடு சந்திப்பில் நில்லாமல் போகும் ரயிலின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது ஒலி கூர்மையாக இருக்கும், கடந்து போனதும் சட்டென்று தடித்துவிடும். ஒளிக்கும் இதுவே நடக்கும். ஒளிவிடும் வாயு நம்மை நோக்கி வந்தால் அந்தக் கருங்கோடு ஊதா பக்கம் நகரும். விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். நகர்வை அளந்தால் வேகம் தெரியும். 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் காற்றின் வேகத்தை ஒரு மலை மேல் உட்கார்ந்து அளக்கலாம்!

இப்போது 1908-க்கு வருவோம். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லெரி ஹேல் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளிகள் வலிமையான காந்தங்கள். அவர் எடுத்த படங்களில் புள்ளிகளைச் சுற்றிச் சுருள் சுருளான அமைப்புகளும் தெரிந்தன. புள்ளி என்பது சூரியனில் வீசும் சூறாவளி, வாயு சுழல்வதால்தான் காந்தம் பிறக்கிறது என்று பலரும் நம்பினார்கள். நம்பத் தகுந்த கருத்துதான். படமே சுழல்போல இருக்கிறதே!

சுழல் இருந்தால் கருங்கோடுகளில் தெரிந்தாக வேண்டும். புள்ளியின் ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வரும், எதிர்ப்பக்கத்து வாயு விலகிப் போகும். எவர்ஷெட் அதைத்தான் தேடினார்.

* * *

கீலக வருடம், மார்கழி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1909 ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை.

அந்த நாளில் சூரியனில் இரண்டு பெரிய புள்ளிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் அடர்கருப்பு, அதற்குக் கருநிழல் என்று பெயர். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஓர் அகன்ற வளையம், அதற்குப் புறநிழல் என்று பெயர். கரும்புள்ளி என்கிறோமே தவிர அது சூடு ஆறிய இடமல்ல. நடுக்கருப்பிலும் 4,000 பாகை வெப்பம் இருக்கும். சுற்றியிருப்பது 5,500 பாகை என்பதால் இது கருப்பாகத் தெரிகிறது. பூமியையே உள்ளே போட்டு மூடலாம், அவ்வளவு பெரிய புள்ளிகள் உண்டு.

எவர்ஷெட் பிளவைப் புள்ளியின் மேல் வைத்தார். சூரிய வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் திசையில், புள்ளியை இரண்டாக வெட்டுவதுபோல் வைத்தார். தகடு பதிந்தது.

கோடுகள் வளைந்திருந்தன.

புள்ளிக்கு வெளியே நேராக வந்த கருங்கோடு, புறநிழலுக்குள் நுழைந்ததும் சாய்ந்தது. சூரிய விளிம்பை ஒட்டிய பக்கத்தில் சிவப்பை நோக்கி. வட்டத்தின் நடுவை ஒட்டிய பக்கத்தில் ஊதாவை நோக்கி. எவ்வளவு சாய்வு தெரியுமா? ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. சென்னையின் கலங்கிய காற்றில் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நகர்வு இருக்கிறது. ஆனால் அது சுழலா?

இந்த இடத்தில்தான் அவர் அவசரப்படவில்லை. எதிர்பார்த்தது கிடைத்துவிட்டது என்று எழுதி முடித்திருக்கலாம். அவர் தன் தகட்டையே குறுக்கு விசாரணை செய்தார்.

பிளவைத் திருப்பி, முன்பு வைத்ததற்குச் செங்குத்தாக வைத்தால் என்ன ஆகும்? சுழலாக இருந்தால் இந்தத் திசையில்தான் நகர்வு பளிச்சென்று தெரிய வேண்டும், ஒரு முனை வருவதும் மறுமுனை போவதும் இந்தக் கோட்டில்தான். திருப்பி வைத்துப் பார்த்தார். கோடுகள் நேராக நின்றன. நகர்வு இல்லை.

இன்னொரு சோதனை. சூரியன் சுழல்வதால் ஒரு புள்ளி ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். இடையில் அது வட்டத்தின் நட்டநடுவில், நமக்கு நேர்முகமாக நிற்கும். அங்கே நிற்கும் புள்ளியில் பார்த்தால்? அங்கும் நகர்வு மறைந்துவிட்டது. அப்படியானால் வாயு மேலே பொங்கவும் இல்லை, கீழே அமிழவும் இல்லை.

சுழலவில்லை. மேலும் கீழும் போகவில்லை. மிச்சம் ஒரே ஒரு வழிதான். தோட்டத்து வாய்மடையைத் திறந்ததும் நீர் நாலாபுறமும் பாத்தியில் பரவுகிறதே, அப்படி வாயு புள்ளியின் நடுவிலிருந்து சூரியப் பரப்பை ஒட்டியபடியே வெளிப்புறமாக ஓடுகிறது.

வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து கொடைக்கானலுக்கு நேர்க்கோட்டில் சுமார் 110 கிலோமீட்டர். அந்த வாயு ஒரு நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

1909-இலேயே கொடைக்கானல் ஆய்வகத்தின் 15-ஆவது அறிக்கையாக இது வெளிவந்தது. எவர்ஷெட் விளைவு என்று உலகம் அதற்குப் பெயரிட்டது. நூறாண்டை நினைவுகூர்ந்து 2008 டிசம்பரில் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. மவுண்ட் வில்சனின் பெரிய கருவிகளும் பெரிய பெயர்களும் சுழல் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தகட்டில் இருந்ததை மட்டும் நம்பியவரின் கண்டுபிடிப்பு இது. எனக்கு அந்த 2 கிலோமீட்டரைவிடவும், பிளவைத் திருப்பி வைத்த அந்தக் கைதான் பெரிது.

* * *

மழைக் கேள்வி என்ன ஆயிற்று?

கொடைக்கானல் அப்போது இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்தது. அதன் தலைவர் கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் படித்த கணிதர். சூரியப் புள்ளிகளையும் உலகின் பல ஊர்களின் மழை அளவையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். பருவமழையை முன்கூட்டிச் சொல்லும் அளவுக்கு உறுதியான தொடர்பு அங்கே இல்லை.

ஆனால் அதே கணக்குகளுக்கு நடுவே அவர் வேறொன்றைக் கண்டார். பசிபிக் பெருங்கடலின் ஒரு கோடியில் காற்றழுத்தம் கூடினால், இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது; அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. இன்று நாம் எல் நினோ என்று செய்தியில் கேட்கும் நிகழ்வின் மறுபாதி அது. தாது வருடப் பஞ்சத்தின்போதும் மிக வலிமையான எல் நினோ இருந்தது என்று இப்போது அறிந்திருக்கிறோம். பதிலை அவர்கள் சூரியனில் தேடினார்கள், அது கடலில் இருந்தது.

அதற்காகக் கொடைக்கானல் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மேகம் விலகிய காலைகளில் எல்லாம் தகடுகள் பதிந்துகொண்டே போயின. 1911 முதல் 1923 வரை எவர்ஷெட் இயக்குநராக இருந்தார். 1937-இல் ஏ.எல். நாராயண் முதல் இந்திய இயக்குநரானார். 1960-இல் வைணு பாப்பு பொறுப்பேற்றார். அவர் காலத்தில்தான் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் சூரிய ஒளியை இறக்கி ஆராயும் பெரிய தொலைநோக்கி முழுமையாக வேலைக்கு வந்தது. உலகப்போர்கள் நடந்தன, நாடு விடுதலை பெற்றது, மாநில எல்லைகள் மாறின. சூரியனின் படங்கள் லட்சத்தைத் தாண்டின. உலகத்தில் இவ்வளவு நீளமான, ஒரே முறையில் எடுத்த சூரியப் பதிவுகள் மிகச் சில இடங்களிலேயே இருக்கின்றன. கண்ணாடித் தகடுகள் இப்போது எண்மப் படங்களாகிவிட்டன, எங்கிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

2023 செப்டம்பர் 2 அன்று புறப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். அதில் இருக்கும் முதன்மைக் கருவியை உருவாக்கியது இந்திய வானியற்பியல் மையம். கொடைக்கானல் ஆய்வகமும் அந்த மையத்துடையதே. விண்கலம் தன் நிலைக்குப் போய்ச் சேர்ந்த நாள் 2024 ஜனவரி 6. எவர்ஷெட் பார்த்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பின் 115 ஆண்டும் ஒரு நாளும்.

* * *

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும்போது ஏரிக்கரையில் படகுக்கு நிற்கும் வரிசையில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்தை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழநிக்கு ரயில் இருக்கிறது, பழநியிலிருந்து மலைக்குப் பேருந்து இருக்கிறது. ஆய்வகத்தின் அருங்காட்சியகத்தில் சூரியனின் நேரடி பிம்பமும், அந்தக் கருங்கோடுகள் ஓடும் நிறமாலையும் காட்டுகிறார்கள். எவர்ஷெட் எதைப் பார்த்தார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு உள்ளே அழைத்துப்போங்கள். கோடு என்றால் என்ன என்று தெரியாமல் பார்க்கும் பிள்ளைக்கு அது சுவரில் விழுந்த ஒரு நிறப்பட்டை மட்டுமே.

போக முடியாதவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். ஒரு கெட்டி அட்டையில் குண்டூசியால் ஓட்டை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்த ஓட்டையின் வழியே வரும் ஒளியை 2 மீட்டர் தள்ளி வெள்ளைத் தாளில், நிழலான இடத்தில் விழச் செய்யுங்கள். ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டம் விழும். அது ஓட்டையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். ஓட்டையைச் சதுரமாக வெட்டிப் பாருங்கள், அப்போதும் வட்டமே விழும்.

பழைய சிடி ஒன்று வீட்டில் கிடந்தால், குழல்விளக்கின் ஒளியை அதில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். நிறங்கள் விரியும். நெருக்கமான மெல்லிய வரிகள் ஒளியைப் பிரிக்கின்றன. எவர்ஷெட்டின் கருவிக்குள் இருந்ததும் அதே தத்துவம்தான்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கூலிங் கிளாஸ் போதாது, எக்ஸ்ரே படலம் போதாது. சிடியில் சூரியனின் எதிரொளியையும் பார்க்க வேண்டாம். விழித்திரை வெந்துபோனால் வலிக்காது, அதனால்தான் அது ஆபத்து.

வானத்தை இப்படி எல்லாருக்கும் சொல்லித்தருவது புதிதல்ல. சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874 டிசம்பரில் வெள்ளி சூரியனைக் கடப்பதை விளக்கி நம் மக்களுக்காகச் சிறு நூல் ஒன்று எழுதினார், ஆங்கிலத்தில் மட்டுமின்றி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். பஞ்சத்துக்கு இரண்டு ஆண்டு முன்பு! 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த மனிதர் அவர். கண்டதைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்ல வேண்டும் என்று உழைத்தவர். எல்லை மாவட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளில் அந்த வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது.

* * *

இனி மலைக்குத் திரும்புவோம். 1909 முடியவில்லை.

எவர்ஷெட்டின் வாயு நடுவிலிருந்து வெளியே ஓடுகிறது என்று பார்த்தோம். புறநிழலின் வெளி விளிம்புவரை ஓடுகிறது. அந்த விளிம்பைத் தாண்டியதும் கோடுகள் மறுபடி நேராகிவிடுகின்றன. ஓட்டம் அங்கே நின்றுவிட்டதுபோல் தெரிகிறது. நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் ஓடுகிற வாயு விளிம்பில் எங்கே போய் மறைகிறது?

இது ஒரு புதிர். இதைவிடப் பெரியது இன்னொன்று.

அவர் கால்சியத்தின் கோடுகளையும் பார்த்தார். அந்தக் கோடுகள் பிறப்பது சூரியனின் பரப்பில் அல்ல, அதற்கு மேலே உள்ள மெல்லிய அடுக்கில். அதே புள்ளிதான். அங்கேயும் கோடுகள் சாய்ந்திருந்தன. ஆனால் ஊதாவுக்குச் சாய வேண்டிய பக்கம் சிவப்புக்கும், சிவப்புக்குச் சாய வேண்டிய பக்கம் ஊதாவுக்கும் சாய்ந்திருந்தன.

கீழே வாயு வெளியே போகிறது. மேலே வாயு உள்ளே வருகிறது. ஒரே புள்ளியில், ஒரே நேரத்தில். கீழே போனதுதான் மேலே திரும்பி வருகிறதா, அல்லது இரண்டும் வேறு வேறு ஓட்டங்களா? அவற்றை இழுத்துச் செலுத்துவது எது?

(அடுத்த வாரம்)